ஏட்டுப்பிரதியும் எந்திர விடையும்

புறநானூற்றை 1894-இல் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், ஏட்டுப்பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடுகளையும் குறித்துவைத்தார். அவர் கொண்ட பாடத்தில் நாம் ஐயுறவும் அக்குறிப்புகளே இடந்தருகின்றன. மேற்கோள் குறிப்பின் பயன் அதுவே: பின்வருவோர் மூலத்துக்குத் திரும்பும் வழி.

இணையப் பக்கங்கள் மாறுவன, மறைவன. ஆகவே பார்த்த நாளையும் குறிக்கும் வழக்கம் வந்தது. 2022 நவம்பரில் வெளியான சாட்ஜிபிடி போன்றவற்றின் விடைக்கோ நிலையான மூலமே இல்லை. ஒரே வினாவுக்கு இருவேறு விடை தரும். இல்லாத நூலையும் ஆசிரியர் பெயரோடு கூறும். அப்பெயர் ஓர் ஆய்வேட்டில் ஏறிவிட்டால் அடுத்தவர்க்கு அதுவே சான்றாகிவிடும்.

2023-இல் அமெரிக்க நவீன மொழிக் கழகம் அக்கருவியை ஆசிரியராகக் கொள்ளவில்லை; வினா, கருவி, நாள் ஆகியவற்றைக் குறிக்கச் சொன்னது. அக்குறிப்பு, எந்திரம் சொன்னது என்பதற்கே சான்று. சொன்னது மெய் என்பதற்கு அன்று. மூலநூலைக் கண்ணாற் கண்டபின் மேற்கோள் காட்டுக என்பதே மாணவர்க்கு நாம் சொல்வது.