ரயில் ஓட்டத்தில் எரிசக்திச் சிக்கனம்: சங்கரன்கோவில் வழிப் பாதையும் ஓட்டுநர் பணியும்

ரயில் ஓட்டத்தில் எரிசக்திச் சிக்கனம் என்பது ஒரே வண்டியை, ஒரே சுமையோடு, ஒரே கால அட்டவணைக்குள் குறைந்த மின்சாரத்திலோ டீசலிலோ ஓட்டி முடிக்கும் கைவேலை. புதிய எஞ்சின் வாங்குவது, பாதையை நேராக்குவது போன்ற முதலீடுகள் இதில் சேரா. எங்கே நாட்ச் (இழுவைப் படி) ஏற்றுவது, எங்கே இறக்குவது, எந்த இடத்தில் வண்டியைத் தன்போக்கில் உருள விடுவது, பிரேக்கை எப்போது தொடுவது என்ற முடிவுகளே இதன் உள்ளடக்கம். முடிவெடுப்பவர் லோகோ பைலட். பதவிப் பெயர் மாறிப் பல ஆண்டுகளாகியும் ஊர்க்காரர்களுக்கு அவர் இன்னும் எஞ்சின் டிரைவர்தான். ஆனால் அந்த முடிவை எடுக்க அவருக்கு இடம் கிடைக்கிறதா என்பதைக் கால அட்டவணையும், செக்‌ஷன் கன்ட்ரோலரும், முந்தைய நாள் அவருக்குக் கிடைத்த ஓய்வும் தீர்மானிக்கின்றன.

தென்காசி மாவட்டத்துக் குருவிகுளத்தில் ரயில் நிலையம் இல்லை. மேற்கே போனால் சங்கரன்கோவில், கிழக்கே போனால் கோவில்பட்டி. இரண்டும் தெற்கு ரயில்வேயின் மதுரைக் கோட்டத்தைச் சேர்ந்தவை, தன்மையில் வேறுபட்டவை. கோவில்பட்டி 1876இல் திறக்கப்பட்ட மதுரை–தூத்துக்குடிப் பாதையில் வருவது. இன்று அது மின்மயமான இரட்டைப் பாதை. சங்கரன்கோவில், 1927இல் மீட்டர் கேஜாகத் திறக்கப்பட்ட விருதுநகர்–தென்காசிப் பாதையில் உள்ளது. சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் கடந்து வரும் அந்தப் பாதை பாம்புக்கோவில் சந்தை, கடையநல்லூர் வழியாகத் தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் போகிறது. 2004இல் அகலப் பாதையானது, 2020களின் முற்பகுதியில் மின்கம்பி வந்தது, ஆனாலும் ஒற்றைப் பாதையாகவே இருக்கிறது. கரிசல் காட்டின் இரு ஓரங்களிலும் ஓடும் இந்த இரண்டு பாதைகளும் சிக்கன ஓட்டத்தை விளக்கத் தோதான ஜோடி.

உருளும் வண்டியின் கணக்கு

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. சமதளத்தில் மெதுவாகப் போகும் வண்டியை இழுக்க ஒரு டன்னுக்கு ஒன்றிரண்டு கிலோ எடையளவு விசை போதும். வேகம் கூடும்போது காற்றுத் தடையும் சேர்ந்து அது இரண்டு மூன்று மடங்காகும். நூற்றுக்கு ஒன்று என்ற ஏற்றம் வந்தால் டன்னுக்கு இன்னும் 10 கிலோ வேண்டும். அதனால்தான் கண்ணுக்குத் தட்டையாகத் தெரியும் நிலத்தில்கூட ஓட்டுநர்கள் மேட்டையும் பள்ளத்தையும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.

1,000 டன் எடையுள்ள ஒரு எக்ஸ்பிரஸ் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று கொள்வோம். அந்த ஓட்டத்துக்குள் அடங்கிய இயக்க ஆற்றல் ஏறத்தாழ 107 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டைவிடச் சற்று அதிகம். பழைய முறையில் பிரேக் போட்டு வண்டியை நிறுத்தினால் இந்த 107 யூனிட்டும் பிரேக் கட்டைகளில் சூடாகிக் காற்றில் கலந்துவிடும். மீண்டும் 100ஐ எட்ட இன்னொரு 107 யூனிட் தேவை, அதற்கு மேல் மோட்டாரிலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் ஏற்படும் இழப்பு வேறு.

அதே வண்டி நிறுத்தத்துக்கு முன்பே இழுவையை விட்டுவிட்டு உருள்கிறது என்றால், சமதளத்தில் 100இலிருந்து 80க்கு இறங்க ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் ஓடும். இதற்குள் 38 யூனிட் மிச்சம். இதற்குக் கொடுக்கும் விலை இருபது நொடிக்கும் குறைவான தாமதம். சிக்கன ஓட்டத்தின் மொத்த ரகசியமும் இந்த இரண்டு எண்களுக்குள் இருக்கிறது. வேகம் கொஞ்சம் குறைந்தால் நேரம் கொஞ்சம்தான் போகிறது. ஆற்றல் வேகத்தின் வர்க்கமாக இருப்பதால் நிறைய மிஞ்சுகிறது. இதை ஓட்டுநர்கள் ‘கோஸ்டிங்’ என்கிறார்கள்.

கணித ரீதியாகவும் இது தீர்க்கப்பட்ட விஷயம். இரண்டு நிலையங்களுக்கு இடையே, குறித்த நேரத்தில், குறைந்த ஆற்றலில் வண்டியை ஓட்டுவது எப்படி என்ற கேள்வியை ஜப்பானில் இச்சிகாவா 1968இல் உகப்புக் கட்டுப்பாட்டுக் கோட்பாட்டின்படி ஆராய்ந்தார். முழு இழுவையில் வேகமெடு, வேகத்தைப் பிடித்து வை, உருள விடு, கடைசியில் பிரேக் போடு என்ற நான்கு கட்டங்கள்தான் விடை. தெற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் பில் ஹவ்லெட் குழுவினர் இதை மேடு பள்ளமான பாதைக்கும் விரித்தார்கள். அவர்கள் வேலையிலிருந்து பிறந்த ‘எனர்ஜிமைசர்’ போன்ற கருவிகள், எந்த இடத்தில் இழுவையை விடலாம் என்று ஓட்டுநருக்குத் திரையில் சொல்கின்றன. ஐரோப்பாவிலும் இவ்வகை ஆலோசனைக் கருவிகள் பரவியிருக்கின்றன. மும்பைப் புறநகர்ப் பாதைகளிலோ இதையே ஒரு பலகை செய்கிறது: தண்டவாளத்தின் ஓரத்தில் நட்ட கோஸ்டிங் பலகையைக் கண்டதும் மோட்டார்மேன் கைப்பிடியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவார். நிலையங்கள் நெருக்கமாக உள்ள பாதையில் பலகை போதும். சங்கரன்கோவில் பக்கம் ஓட்டுநரின் தலைக்குள் இருக்கும் பாதை அறிவுதான் பலகை. புதுப் பாதையில் தனியாக வண்டி எடுக்கும் முன் அவர் பகலிலும் இரவிலும் அதில் உடன்பயணம் செய்து, சிக்னல்களையும் வளைவுகளையும் ஏற்ற இறக்கங்களையும் கற்று, கற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி.

நீராவி, டீசல், மின்சாரம்

நீராவிக் காலத்தில் சிக்கனம் ஓட்டுநருக்கும் ஃபயர்மேனுக்கும் பொதுச் சொத்து. நிலக்கரியை அள்ளிக் கொட்டாமல், கொஞ்சம் கொஞ்சமாக, அடுப்பு முழுக்கப் பரவும்படி வீசுவது ஃபயர்மேனின் திறமை. புகைபோக்கியில் கறுப்புப் புகை தொடர்ந்து வந்தால் எரியாத கரி வெளியே போகிறது என்று அர்த்தம். நடைமேடையில் நிற்கும் அதிகாரிக்கும் அது தெரிந்துவிடும். ஓட்டுநர் தன் பங்குக்கு, வேகம் பிடித்தபின் உருளைக்குள் நீராவி நுழையும் நேரத்தைக் குறைத்து, உள்ளே போன நீராவியையே விரிய விட்டு வேலை வாங்குவார்.

டீசலில் எட்டு நாட்ச். ஒரேயடியாக ஏற்றினால் டர்போசார்ஜர் வேகமெடுப்பதற்குள் டீசல் அதிகமாகப் பாய்ந்து இங்கும் கறுப்புப் புகைதான். நின்ற இடத்தில் எஞ்சினை வெறுமனே ஓடவிடுவது டீசலின் பெரிய நோய். அணைத்தால் மறுபடி கிளம்புமா என்ற பயத்தில் யாரும் அணைப்பதில்லை. நீண்ட நேரம் நிற்கும்போது எஞ்சினை அணைக்கச் சொல்லும் உத்தரவுகளும், சிறிய துணை எஞ்சின் பொருத்தப்பட்டதும் அதனால்தான்.

மின் லோகோக்களில் இரண்டு தலைமுறை உண்டு. டபிள்யூஏபி-4 போன்றவை 32 படிகள் கொண்ட டேப்-சேஞ்சரால் மோட்டாருக்கு மின்னழுத்தம் கொடுப்பவை. 1990களின் நடுவில் ஏபிபி நிறுவனத்திடமிருந்து வாங்கிய தொழில்நுட்பத்தோடு மூன்று-ஃபேஸ் லோகோக்கள் வந்தன. டபிள்யூஏபி-7, டபிள்யூஏஜி-9 இரண்டும் அந்தக் குடும்பம். இவற்றில் பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, மின்சாரத்தை மேலே உள்ள 25,000 வோல்ட் கம்பிக்குத் திருப்பி அனுப்பும். இதுவே மீள்பிறப்பு பிரேக். அருகில் ஏற்றம் ஏறும் வேறொரு வண்டி அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். இவ்வாறு பிரேக்கில் மீட்ட மின்சாரத்துக்கு ஐ.நா. திட்டத்தின் கீழ் கரிம வரவு (கார்பன் கிரெடிட்) வாங்கிய முதல் ரயில் அமைப்பு டெல்லி மெட்ரோ.

மீள்பிறப்பு பிரேக் வந்துவிட்டதே, இனி கோஸ்டிங் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சக்கரத்திலிருந்து கம்பிக்கும் கம்பியிலிருந்து மறுபடி சக்கரத்துக்கும் போய்வரும் வழியில் ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் இழப்பு. தவிர இந்த பிரேக் லோகோவில் மட்டுமே வேலை செய்கிறது. பின்னால் இருபது பெட்டிகள் வந்து லோகோவை முட்டும். எனவே அதைப் படிப்படியாகத்தான் ஏற்ற முடியும், கடைசி நிறுத்தத்துக்குக் காற்று பிரேக்தான். உருட்டி மிச்சப்படுத்தும் யூனிட்டுக்கு இந்த வெட்டு எதுவும் கிடையாது.

மீள்பிறப்பு பிரேக் தன் முழு மதிப்பையும் காட்டும் இடம் செங்கோட்டைக்கு அப்பால். பகவதிபுரம், ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை வழியாகப் புனலூருக்கு இறங்கும் மலைப்பாதை 1904இல் மீட்டர் கேஜாகத் திறக்கப்பட்டது. 2018இல் அகலப் பாதையாகவும் பின்னர் மின்பாதையாகவும் மாறியது. கழுதுருட்டியின் பதின்மூன்று கண் பாலத்தைப் பார்க்க வருபவர்கள் கூடுதலாகக் கவனிக்கத்தக்கது, வண்டியின் பின்னால் தள்ள நிற்கும் பேங்கர் எஞ்சின். நூற்றில் ஒன்று சரிவில் 1,000 டன் வண்டி ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 27 யூனிட் கைக்கு வருகிறது. அதைக் கட்டைகளில் எரித்தால் சக்கரமும் சூடாகும். கம்பிக்கு அனுப்பினால் கட்டையும் பிழைக்கும். இங்கே சிக்கனமும் பாதுகாப்பும் ஒரே கைப்பிடியில்.

கிராஸிங் என்னும் ஓட்டை

ஒற்றைப் பாதையில் எதிரும் புதிருமாக வரும் இரண்டு வண்டிகளில் ஒன்று ஏதாவதொரு நிலையத்தின் லூப் லைனில் (பக்கப் பாதையில்) ஒதுங்கித்தான் ஆக வேண்டும். எது ஒதுங்குவது என்பதைக் கோட்டத் தலைமையிடத்தில் உட்கார்ந்திருக்கும் செக்‌ஷன் கன்ட்ரோலர் முடிவு செய்வார். ஒதுங்கும் வண்டி லூப் லைன் திருப்பத்தில் 15 அல்லது 30 கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கி, நின்று, மீண்டும் கிளம்ப வேண்டும். அட்டவணையில் இல்லாத ஒரு கிராஸிங், ஓட்டுநர் வழியெல்லாம் உருட்டிச் சேர்த்ததை ஒரே நிறுத்தத்தில் தின்றுவிடும். ராஜபாளையத்திலேயே பத்து நிமிடம் முன்கூட்டித் தகவல் கிடைத்தால் அவர் மெதுவாக உருண்டு வந்து, எதிர்வண்டி உள்ளே போனபின் நிற்காமலே கடக்கலாம். தகவல் இல்லையென்றால் பச்சை சிக்னலில் முழு வேகம், அடுத்து இரட்டை மஞ்சள், மஞ்சள், சிவப்பு.

இரட்டை மஞ்சள் விழுந்ததுமே கையை எடுப்பவர் சிக்கன ஓட்டுநர். கடைசி மஞ்சள் வரை இழுத்துவிட்டு அழுத்திப் பிடிப்பவர் அவசரக்காரர். ஆனால் ஏற்கெனவே தாமதமாக ஓடும் வண்டியில் எல்லாருமே அவசரக்காரர்தான். அட்டவணையில் மீட்பு நேரம் என்று சில நிமிடங்கள் ஒதுக்கியிருப்பார்கள். தண்டவாள வேலைக்கான காஷன் ஆர்டர்களே (வேகக் குறைப்பு உத்தரவுகளே) அதைச் சாப்பிட்டுவிட்டால் உருட்ட நேரம் மிச்சமிராது. கோவில்பட்டி வழியிலான இரட்டைப் பாதையில் கிராஸிங் தொல்லை இல்லாததால், அங்கே அதே ஓட்டுநரின் அதே கைவேலைக்கு மீட்டரில் வேறு எண் வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒருவரைத் திறமைசாலி என்றும் இன்னொருவரை வீணர் என்றும் எடைபோடுவது அநியாயம்.

மூன்று-ஃபேஸ் லோகோவின் திரையில் செலவான யூனிட்டும் திருப்பி அனுப்பிய யூனிட்டும் தனித்தனியாகத் தெரியும். ரயில்வே இந்தச் செலவை 1,000 மொத்த டன் கிலோமீட்டருக்கு இத்தனை யூனிட் என்று கணக்கிடுகிறது.

லாபி, எஞ்சின், ரன்னிங் ரூம்

ஓட்டுநரின் நாள் லாபி எனப்படும் பணிப் பதிவு அறையில் தொடங்குகிறது. மூச்சுப் பரிசோதனைக் கருவியில் ஊதி, சைன் ஆன் செய்து, காஷன் ஆர்டர் வாங்கி, அன்று எந்தெந்தக் கிலோமீட்டரில் எவ்வளவு வேகம் என்று படித்துக்கொண்டு வண்டிக்குப் போவார். கிளம்பியதும் குறைந்த வேகத்தில் பிரேக்கை ஒருமுறை தொட்டு, அது எப்படிப் பிடிக்கிறது என்று கையால் அறிந்துகொள்வார். வழியில் ஒவ்வொரு சிக்னலையும் அவரும் அசிஸ்டன்ட் லோகோ பைலட்டும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும். வளைவு வரும்போது அசிஸ்டன்ட் தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்ப்பார்: ஏதாவது பெட்டியில் பிரேக் கட்டை விடாமல் உரசிப் புகைகிறதா? பிரேக் விடாத ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டே போவது மின்சாரத்தைச் சக்கரத்தில் எரிப்பதற்குச் சமம். தீப்பிடிக்கும் ஆபத்து அதைவிடப் பெரிது. இடையிடையே நியூட்ரல் செக்‌ஷன் வரும். இரண்டு மின்வழங்கல் பகுதிகளுக்கு நடுவே உள்ள அந்தத் துண்டில் சர்க்யூட் பிரேக்கரைத் திறந்துவிட்டு உருண்டுதான் கடக்க வேண்டும். அங்கே கோஸ்டிங் விருப்பமல்ல, கட்டாயம்.

மறுமுனையில் ரன்னிங் ரூம் என்னும் ஓய்வறை. பணி எட்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் வெளியூரில் 8 மணி நேர ஓய்வும், தலைமையிடத்தில் 16 மணி நேர ஓய்வும் விதி. இது தவிர மாதத்தில் 30 மணி நேரம் கொண்ட நான்கு ஓய்வுகள், அல்லது 22 மணி நேரம் கொண்ட ஐந்து. இந்த 30 மணி நேரத்துக்குள் 16 அடங்குமா, அல்லது இரண்டும் சேர்ந்து 46 ஆகுமா என்பது ஓட்டுநர் சங்கங்களுக்கும் நிர்வாகத்துக்கும் நீண்டகால வழக்கு. இரண்டு இரவுகளுக்கு மேல் தொடர்ந்து இரவுப் பணி வேண்டாம் என்பது இன்னொரு கோரிக்கை. 1973இல் லோகோ ஊழியர் வேலைநிறுத்தத்தை அடுத்து ரயில்வே அமைச்சர் லலித் நாராயண் மிஸ்ரா 10 மணி நேரப் பணியை ஒப்புக்கொண்டார். அது நடைமுறைக்கு ஒழுங்காக வராததும் அடுத்த ஆண்டு மே மாதம் இருபது நாள் நடந்த பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பின்னணியில் இருந்தது.

இதற்கும் யூனிட் கணக்குக்கும் தொடர்பு உண்டு. உருட்டி ஓட்டுவதற்கு நான்கு கிலோமீட்டர் முன்னால் யோசிக்க வேண்டும். மூன்றாம் இரவு, விடியற்காலை மூன்றரை மணிக்கு, கண்ணைத் திறந்து வைத்திருப்பதே வேலையாகிப்போன ஒருவர் சிக்னலைப் பார்த்ததும் செய்ய வேண்டியதை மட்டும்தான் செய்வார்: இழுப்பார், பிடிப்பார். சிக்கனப் பயிற்சிக்குச் சிமுலேட்டர் வாங்கும் நிர்வாகம் ரன்னிங் ரூமின் கொசுவலையையும் அதே கணக்கில் சேர்த்தால் தப்பில்லை.

ஓட்டுநருக்கு ஓட்டிய கிலோமீட்டருக்குப் படி உண்டு. மிச்சப்படுத்திய யூனிட் அந்தப் படிக் கணக்கில் சேர்வதில்லை.