நட்சத்திரம் ஒட்டிய அரை டாலர்

1892-இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் பணம் திரட்ட, கொலம்பஸ் உருவத்தோடு ஒரு வெள்ளி அரை டாலர் வெளியானது. விற்ற விலை ஒரு டாலர். முதல் நாணயத்தை ரெமிங்டன் தட்டச்சுப்பொறி நிறுவனம் 10,000 டாலர் கொடுத்து வாங்கியது, விளம்பரத்துக்குத்தான். ஆனாலும் விற்காமல் மிஞ்சியவை ஏராளம். கடைசியில் அவை அரை டாலராகவே கைமாறின.

நிறைய அச்சடித்தால் விலை போகாது என்று அமெரிக்கர்களுக்குப் புரிந்துவிட்டது. பிறகு, சில நாணயங்களை மட்டும் அரிதாக்கும் குறிகள் முளைத்தன. 1921-இல் அலபாமா நாணயங்களில் ஒரு பகுதிக்கு மட்டும் ‘2×2’. அலபாமா 22-ஆவது மாநிலமாம். 1922-இல் முன்னாள் அதிபர் கிராண்ட் நினைவு நாணயத்தில் சுமார் 5,000-க்கு மட்டும் ஒரு குட்டி நட்சத்திரம். சேகரிப்பவர் இரண்டு வகையையும் வாங்கியாக வேண்டும்!

உச்சம் 1936-இன் சின்சினாட்டி நாணயம். அந்நகரம் இசை மையமாகி 50 ஆண்டுகள் ஆயின என்றார்கள். 1886-இல் அங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை. நாணயத்தில் இருக்கும் பாடலாசிரியர் ஸ்டீபன் ஃபாஸ்டரோ 1864-லேயே இறந்துவிட்டார். மூன்று அச்சாலைகள், தலா 5,000 காசுகள், ஒரு தொகுதி 7.75 டாலர். வெளியானதும் விலை பல மடங்கு எகிறியது. பச்சையான வியாபாரம்.

1939-இல் நாடாளுமன்றம் பழைய வெளியீடுகளை நிறுத்தியது. பின்னர் வந்த சிலவும் 1954-உடன் நின்றன; அதற்குப் பிறகு, 1982 வரை புதிய நினைவு அரை டாலரே இல்லை.

கிராண்ட் நட்சத்திரத்தைச் சாதா நாணயத்தில் பொறித்து ஏமாற்றுகிறவர்கள் உண்டு. வாங்குவோர் அதற்கு நேர் பின்புறம் தட்டையாகியிருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கவும்.