இடங்கை வணிகரும் ஒரு பட்டணத்தின் தெருச் சண்டையும்

எங்கள் வீட்டுப் பேரன் இடதுகைக்காரன். எழுதுவது, பந்து எறிவது, பல் தேய்ப்பது எல்லாமே இடது கையால்தான். பெங்களூரில் எங்கள் தெருமுனை மளிகைக் கடையில் ஒருநாள் காலை அவன் நூறு ரூபாய் நோட்டை நீட்டினான். கடைக்காரர் வாங்கவில்லை. "பலகைலி கொடப்பா" என்றார். கன்னடம் அரைகுறையாகத் தெரிந்த பையன், கடைக்காரர் ஏதோ மரப்பலகை கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். வலது கையால் கொடு என்கிறார் என்று நான் சொன்னேன். அதுதான் அன்றைக்கு அவருக்கு முதல் போணி. போணி நேரத்தில் இடது கைக் காசு ஆகாது என்பது அவர் நம்பிக்கை. நம்ம ஊர்க் கடைக்காரரும் இதையேதான் சொல்லியிருப்பார்.

வீட்டுக்கு வரும் வழியில் பேரன் கேட்டான்: "அப்போ லெஃப்ட் ஹேண்ட் ஆளுங்க வியாபாரமே பண்ண முடியாதா தாத்தா?" பில் கேட்ஸ் இடதுகைக்காரர்தான் என்று சொல்லி அவனைச் சமாதானப்படுத்தினேன். ஆனால் கேள்வி எனக்குள் வேறு பக்கமாகத் திரும்பிவிட்டது. நம்முடைய சரித்திரத்தில் 'இடது கை' என்று பெயர் வாங்கிக்கொண்டே பெரிய வியாபாரம் செய்த ஒரு கூட்டம் உண்டு. இடங்கையார் என்று பெயர். அவர்களுக்கும் வலங்கையாருக்கும் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் சண்டை நடந்தது. சென்னைப் பட்டணத்தின் தெருக்களே அந்தச் சண்டையில் பங்கு போடப்பட்டவைதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இடங்கையார் இடது கையால் எழுதியவர்களோ, காசு எண்ணியவர்களோ அல்லர். அது சாதிகளின் கூட்டணிக்கு வழங்கிய பெயர். அரசன் அவையில் வலப்பக்கம் நின்றவர்கள், இடப்பக்கம் நின்றவர்கள் என்று ஒரு கதை உண்டு. காஞ்சியில் அம்மன் சன்னிதியில் பிரிந்தார்கள் என்று இன்னொரு கதை. கதைகளை நம்பி ஒன்றும் முடிவு கட்ட முடியாது. யார் எந்தக் கையில் இருந்தார்கள் என்பது மட்டும் ஓரளவு தெளிவு. வேளாளர், பலிஜர், கோமுட்டிச் செட்டியார், பறையர் முதலானோர் வலங்கை. பேரிச் செட்டியார், ஐந்தொழில் செய்யும் கம்மாளர், சக்கிலியர் முதலானோர் இடங்கை. ஊருக்கு ஊர் இது மாறும். கைக்கோளர் ஓரிடத்தில் ஒரு கை, இன்னோரிடத்தில் மறு கை. சில சாதிகளில் கணவன் ஒரு கை, மனைவி மறு கை என்றுகூட 1909-ல் வெளிவந்த தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூல் சொல்கிறது. தெருவில் கலவரம் மூண்டால் அந்த வீட்டில் சோறு யார் பொங்கினார்களோ!

கொங்கு நாட்டுக் கிராமங்களில் தங்கி ஆய்வு செய்த பிரெண்டா பெக் 1972-ல் வெளியிட்ட நூலில் இந்தப் பிரிவுக்கு ஒரு விளக்கம் தருகிறார். நிலத்தையும் அதன் விளைச்சலையும் ஒட்டி வாழ்ந்தவர்கள் வலங்கை. நிலத்தில் வேர் இல்லாமல் கைத்தொழிலையும் வியாபாரத்தையும் நம்பி ஊர் ஊராய் நகர்ந்தவர்கள் இடங்கை. கோமுட்டிகளும் வியாபாரிகள்தாம், அவர்கள் ஏன் வலங்கை என்று கேட்டால் இந்த விளக்கம் கொஞ்சம் தடுமாறும். ஆனாலும் மொத்தத்தில் பொருந்துகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கல்வெட்டுக்கு வருவோம். ராஜராஜ சோழன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வலங்கை என்பது படைகளின் பெயரில் வருகிறது. முதலாம் குலோத்துங்கனின் 2-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1072-ஐ ஒட்டி, ராஜமகேந்திரச் சதுர்வேதிமங்கலத்தில் இடங்கையாருக்கும் வலங்கையாருக்கும் மூண்ட கலகத்தில் ஊர் எரிந்தது, கோயில் இடிந்தது, பண்டாரம் கொள்ளை போனது. சோழப் பேரரசின் பொற்காலம் என்று நாம் மேடையில் பேசுகிற காலம்தான் இது.

அடுத்து வருவது திருச்சிக்கு அருகில் உள்ள ஊட்டத்தூரின் 1218-ஆம் ஆண்டுக் கல்வெட்டு. வெளியூரில் வாழும் நாம் நின்று படிக்க வேண்டிய கல்வெட்டு அது. தாங்கள் யார் என்று இடங்கைத் தொண்ணூற்றெட்டுச் சாதியார் அதில் தாங்களே சொல்கிறார்கள். காசிபரின் வேள்வியைக் காக்க அக்கினி குண்டத்தில் பிறந்தோம். வடக்கே அந்தர்வேதியிலிருந்து சோழ மன்னன் அந்தணரை அழைத்து வந்தபோது அவர்களுடைய செருப்பையும் குடையையும் சுமந்துகொண்டு இந்த நாட்டுக்கு வந்தோம் என்பது அவர்கள் கூற்று. அக்கினி குண்டத்தை விட்டுத் தள்ளுங்கள். 'நாங்கள் வந்தேறியவர்கள்' என்பதைத் தங்கள் பெருமையாகக் கல்லில் வெட்டி வைத்த கூட்டம் இது! இனி நாங்கள் ஒரு தாய் மக்கள் போல இருப்போம், எங்களில் ஒருவருக்கு வரும் நன்மை தீமை எல்லோருக்கும் உரியது என்றும் உறுதி செய்துகொள்கிறார்கள். ஊர் விட்டு ஊர் வந்தவன் முதலில் செய்கிற காரியம் சங்கம் அமைப்பது. நமக்கும் அது தெரிந்ததுதானே.

இரண்டு கைகளும் சேர்ந்த காலமும் உண்டு. 1429-ல் விஜயநகர அதிகாரிகளும் நிலக்கிழார்களும் வரி கேட்டுக் கசக்கியபோது, கொருக்கை, விருத்தாசலம், ஆடுதுறைப் பக்கத்தில் வலங்கை 98, இடங்கை 98 என இரு பகுதியாரும் கூடி, இன்ன வரிதான் தருவோம், அதற்கு மேல் தரமாட்டோம் என்று கல்லில் பொறித்தார்கள். வயிற்றில் அடித்தால் இரு கையும் சேர்ந்துதான் தடுக்கும்.

இனி சென்னைக்கு வருவோம். 1639-ல் ஆங்கிலக் கம்பெனி இங்கே இடம் வாங்கியதற்குக் காரணம் துணி. கம்பெனிக்காரனுக்கு நெசவாளியைத் தெரியாது, பாஷை தெரியாது. ஆகவே உள்ளூர் வணிகரிடம் முன்பணம் கொடுப்பான். வணிகர் அதைக் காஞ்சிபுரம் போன்ற தறியூர்களுக்கு அனுப்பி, கப்பல் வரும் பருவத்துக்குள் துணியை வாங்கித் தர வேண்டும். மாதிரிக்குக் குறைந்த துணிக்கு விலை குறையும். கெடு தவறினால் கடன் தலையில் நிற்கும். ஆனாலும் அந்த ஒப்பந்தம் கையில் இருந்தவர் பட்டணத்தில் ராஜா. முதன்மை வணிகர் என்று அவருக்குப் பட்டம். காசி வீரண்ணா 1680-ல் இறக்கும் வரை அந்த இடத்தில் கோலோச்சினார். பங்கு போட்டு மூலதனம் திரட்டும் வணிகக் கூட்டு ஒன்று அவர் பெயரிலேயே இயங்கியது. அந்த நூற்றாண்டு முழுவதும் முதன்மை வணிகர் பதவி பெரும்பாலும் வலங்கைத் தரப்பிலேயே சுற்றி வந்தது.

இடங்கைப் பேரிச் செட்டியார்கள் கையில் பணம் இருந்தது, ஊரூராகத் தொடர்பு இருந்தது. கோட்டைக் கதவுதான் திறக்கவில்லை. தெருவில் மட்டும் உரசல் ஓயவில்லை. 1652-லேயே கைகலப்பு. ஆரன் பேக்கர் என்ற தலைவர் இன்ன தெரு இவர்களுக்கு, இன்ன தெரு அவர்களுக்கு என்று பிரித்துக் கொடுத்தார். சண்டை கொஞ்ச காலம் உறங்கியது.

1698-ல் தாமஸ் பிட் கவர்னராக வந்தார். பெரிய வைரம் ஒன்றை வாங்கி ஐரோப்பாவில் விற்றுப் பணக்காரர் ஆனாரே, அதே பிட். இங்கிலாந்தின் பிரதமரான மூத்த வில்லியம் பிட் இவருடைய பேரன். வியாபாரக் கண்ணோட்டத்தில் பிட் கெட்டிக்காரர். ஒரே கூட்டத்திடம் சரக்கு வாங்கினால் விலை இறங்காது என்று கணக்குப் போட்டார். கம்பெனிப் பதிவுகளில் 'கல்லவே', 'விங்கட்டி' என்று சிதைந்து கிடக்கும் கலவை செட்டி, வெங்கட்ட செட்டி ஆகிய இடங்கை வணிகர் இருவருக்கு ஒப்பந்தத்தைத் திறந்துவிட்டார். அரை நூற்றாண்டாகக் காத்திருந்த வாய்ப்பு.

1707 ஜூனில் இடங்கையாரின் கல்யாண ஊர்வலம் ஒன்று வலங்கையார் தங்களுடையது என்று உரிமை கொண்டாடிய தெருவுக்குள் போனது. அவ்வளவுதான், பட்டணம் பற்றிக்கொண்டது. ஊர்வலம் ஏன் இத்தனை பெரிய விஷயம் என்று இன்றைய பிள்ளைகள் கேட்பார்கள். செருப்புப் போட்டுக்கொள்ளும் உரிமை, கல்யாணத்தில் பல்லக்கிலோ குதிரையிலோ தெருவில் போகும் உரிமை போன்றவற்றுக்காகவே இரு கையாரும் வெட்டி மடிந்தார்கள் என்று பின்னாளில் துபுவா பாதிரியாரும் வியந்து எழுதினார். எனக்கு அதில் வியப்பில்லை. வங்கிக் கணக்கு, வருமான வரிச் சான்று எதுவும் இல்லாத காலத்தில் ஒரு வணிகனின் நாணயம் தெருவில்தான் தெரிந்தது. எந்தத் தெருவில் எந்தக் கொடியோடு போகிறான் என்பதைப் பார்த்துத்தான் கடன் கிடைத்தது. ஒப்பந்தம் கிடைத்த இடங்கையார் அந்த உயர்வைத் தெருவில் காட்டப் பார்த்தார்கள். ஒப்பந்தம் இழந்த வலங்கையார் தெருவையாவது விடக்கூடாது என்று நின்றார்கள்.

பிட் இரு தரப்புத் தலைவர்களையும் ஒரே அறையில் அடைத்து, சமாதானம் ஆகும் வரை வெளியே வரக்கூடாது என்றார். பெத்தநாயக்கன்பேட்டை வலங்கையாருக்கு, முத்தியால்பேட்டை இடங்கையாருக்கு என்று முடிவானது. எல்லைக் கல் நட்டார்கள். இரவோடு இரவாக அந்தக் கல்லில் யாரோ மிரட்டல் கடிதம் ஒட்டினார்கள். பிறகு வலங்கையார் பெருங்கூட்டமாகப் பட்டணத்தை விட்டுச் சாந்தோமுக்குப் போய்விட்டார்கள். சாந்தோம் அப்போது கம்பெனி ஆட்சிக்கு வெளியே இருந்தது. படகோட்டிகள், மீனவர்கள், சலவை செய்வோர் எல்லோரும் போனார்கள். துறைமுகம் இல்லாத சென்னையில் அலையைத் தாண்டிக் கப்பலுக்குச் சரக்கு ஏற்றுவது மசூலாப் படகோட்டிகள்தான். அவர்கள் இல்லையென்றால் கோட்டை வெறும் சுவர்.

கவர்னர் சபையிலேயே இருந்த வில்லியம் ஃபிரேசர் வலங்கையாரைத் தூண்டிவிட்டார் என்று பிட் சந்தேகித்து அவரைப் பதவி நீக்கம் செய்தார். பேரம் பேசிப் பேசி 1708-ல்தான் போனவர்கள் திரும்பினார்கள். முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டைப் பிரிவு நிலைத்தது. பிட் 1709-ல் கப்பல் ஏறினார். அதே ஆண்டு ஃபிரேசர் கவர்னர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

நம் சங்க மலர்களில் தமிழ் வணிகரின் பெருமை பற்றிக் கட்டுரைகள் வராத ஆண்டே இல்லை. சுமத்திராவின் பாருஸில் 1088-ல் தமிழ்க் கல்வெட்டு நாட்டிய ஐநூற்றுவர் பெருமை உண்மையான பெருமைதான். நானும் அதை மேடையில் பேசியவன். ஆனால் 1707-ஐப் படிக்கும்போது என் மனசில் நிற்பது கலவை செட்டியோ பிட்டோ அல்ல. துணி ஒப்பந்தத்தில் ஒரு காசு லாபம் இல்லாத படகோட்டியும் சலவைத் தொழிலாளியும் வீட்டைப் பூட்டிவிட்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, கடற்கரையோடு சாந்தோமுக்கு நடந்தார்களே, அதுதான். பெரிய இடத்துச் சண்டைக்கு அவர்கள் 'கை' ஆனார்கள். வலங்கைக்குப் பறையர், இடங்கைக்குச் சக்கிலியர் என்று முன்வரிசையில் நின்று அடிபட்டவர்களுக்கு ஊர்வலத்தில் பல்லக்கு கிடைத்ததாகத் தெரியவில்லை.

சண்டை பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெல்ல அடங்கிற்று. முன்பண ஒப்பந்த முறை போயிற்று. வழக்கைத் தீர்க்கக் கோர்ட் வந்தது. சாதிகள் தனித்தனியே சங்கம் வைத்துக்கொண்டன. இன்று தமிழ்நாட்டில் 'நீங்க எந்தக் கை?' என்று கேட்டால் யாருக்கும் புரியாது. நாம் வாழும் கர்நாடகத்தில் அப்படியில்லை. 1800-ல் மைசூர் நாட்டைச் சுற்றி வந்த புக்கானன், இங்கே வலங்கையில் பதினெட்டு, இடங்கையில் ஒன்பது சாதிகள் என்றும், இடங்கைக்குத் தலைமை பாஞ்சாளர் என்றும் எழுதினார். அந்தப் பழைய அணியில் மேலே இருந்தவர்கள் எல்லாம் பெயரை உதறிவிட்டுப் போய்விட்டார்கள். அடியில் இருந்தவர்களிடம் மட்டும் பெயர் ஒட்டிக்கொண்டது. தலித் மக்களிடையே எடகை, பலகை என்ற பிரிவு இன்றும் வழக்கில் உள்ளது. உள் ஒதுக்கீட்டை ஆராய 2005-ல் சதாசிவா ஆணையம் அமைக்கப்பட்டதற்கும் இந்தப் பிரிவுதான் பின்னணி. கன்னடப் பத்திரிகையில் அந்தத் தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஊட்டத்தூர் நினைவு வரும்.

போன முறை சென்னை போனபோது பேரனையும் கூட்டிக்கொண்டு பிராட்வேயில் நடந்தேன். 1780-களில் ஸ்டீபன் பாப்பம் என்ற வக்கீல் தாழ்வான நிலத்தைத் தூர்த்துப் போட்ட சாலை அது. இப்போது பிரகாசம் சாலை. கடல் பக்கம் முத்தியால்பேட்டை, மேற்கே பெத்தநாயக்கன்பேட்டை. "இந்தப் பக்கம் லெஃப்ட், அந்தப் பக்கம் ரைட்டா?" என்றான். ஆமாம் என்றேன். ஆனால் கோட்டைக்காரன் போட்ட கோட்டை ஊர் முழுசாக ஏற்றுக்கொள்ளவில்லை. பேரிச் செட்டியார்களின் கந்தகோட்டம், சிறுவயதில் ராமலிங்க வள்ளலார் பாடிய அந்த முருகன் கோயில், மேற்குப் பக்கம் ராசப்ப செட்டித் தெருவில்தான் இருக்கிறது. அங்கே கும்பிட்டுவிட்டு சௌகார்பேட்டைக்குள் போனோம். வலங்கையார் வெட்டிக்கொண்டு காத்த பேட்டையில் இப்போது கடை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் ராஜஸ்தான், குஜராத்திலிருந்து வந்த குடும்பங்கள். பேரன் ஒரு கடையில் பேனா வாங்கினான். இடது கையால் கிறுக்கிப் பார்த்தான், இடது கையாலேயே காசு கொடுத்தான். சேட்டு நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வாங்கிக் கல்லாவில் போட்டுவிட்டு, "இன்னா வேணும் வேற?" என்றார்.