தங்கவயலின் வாக்குப் பெட்டி

ஓர் ஊரின் செல்வத்தை அதன் கடைவீதி காட்டும். அதன் உள்ளத்தை வாக்குப் பெட்டியே காட்டும். நம் கோலார் தங்கவயல் மக்களின் அரசியல் உள்ளத்தை அறிய விரும்புவோர், இங்கு நிகழ்ந்த தேர்தல்களின் முடிவுகளை வரிசையாக நோக்குதல் வேண்டும்.

1983 முதல் 2004 வரை கர்நாடகச் சட்டமன்றத்திற்கு ஆறு பொதுத் தேர்தல்கள் நடைபெற்றன. 1983, 1989, 1999 ஆகிய மூன்றிலும் அண்ணா தி. மு. கழகத்தின் எம். பக்தவத்சலம் வென்றார். (சென்னை மாநில முதலமைச்சராயிருந்த பக்தவத்சலம் வேறு, இவர் வேறு.) 1985-இல் மார்க்சிஸ்டுக் கம்யூனிஸ்டுக் கட்சியின் டி. எஸ். மணியும், 1994, 2004 ஆகிய ஆண்டுகளில் குடியரசுக் கட்சியின் எஸ். ராஜேந்திரனும் வென்றனர். 1985-இல் மாநிலமெங்கும் ஜனதா அலை வீசியது. 1989-இலும் 1999-இலும் காங்கிரஸ் பெருவெற்றி கண்டது. 1994-இல் ஜனதா தளம் ஆட்சியேறியது. எக்காற்றுக்கும் நம் ஊர் வளைந்து கொடுக்கவில்லை.

‘தமிழர் ஆதலின் தமிழ்நாட்டுக் கட்சிக்கு வாக்களித்தனர்’ என்று சுருங்கச் சொல்லி முடிப்பாரும் உளர். அது முழு உண்மையன்று. மொழி ஒன்றே காரணமாயின், செங்கொடிக்கும் அம்பேத்கரின் கட்சிக்கும் இங்கு இடம் கிடைத்தது எவ்வாறு? அதற்கு விடை காண நாம் இன்னும் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்குச் சுரங்கத் தொழிலைத் தொடங்கிய பின், வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து நம் முன்னோர் குடியேறினர். அவருள் பெரும்பாலோர் ஆதிதிராவிட மக்கள். சொந்த ஊரில் நிலமும் மதிப்பும் மறுக்கப்பட்டவர்கள், இங்கு லயன் வீடுகளில் வாழ்ந்துகொண்டே கல்வியையும் மானத்தையும் தேடினர். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்தில் வேரூன்றியது. அவர் 1914-இல் மறைந்தபின், அவருடைய ‘தமிழன்’ இதழ் 1926-இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. சாம்பியன் ரீஃப் சித்தார்த்தா புத்தகசாலை சீர்திருத்த நூல்களைப் பரப்பியது. வாக்குரிமை நம் கைக்கு வருமுன்பே, எண்ணித் தெளியும் பழக்கம் வந்துவிட்டது.

இரண்டாவது ஆசான் சுரங்கமே. 1930-இல் கைரேகைப் பதிவு முறையை எதிர்த்துத் தொழிலாளர் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தனர். 1946 நவம்பர் 4-ஆம் நாள் போலீசாரின் துப்பாக்கிக்கு ஆறு தொழிலாளர் பலியாயினர். அந்தக் குருதி 1952-ஆம் ஆண்டின் முதற்பொதுத் தேர்தலில் பேசியது. இரட்டை உறுப்பினர் தொகுதியாக இருந்த தங்கவயல், தொழிற்சங்கத் தலைவராகிய கம்யூனிஸ்டு கே. எஸ். வாசனையும், அம்பேத்கர் நிறுவிய ஷெட்யூல்டு வகுப்பினர் சம்மேளனத்தின் பி. எம். சுவாமிதுரையையும் தேர்ந்தெடுத்தது. 1954-இல் டாக்டர் அம்பேத்கர் இங்கு வருகை தந்தார். 1957-இல் கம்யூனிஸ்டு எம். சி. நரசிம்மனும் சம்மேளனத்தின் சி. எம். ஆறுமுகமும் வென்றனர். சம்மேளனத்தின் வழிவந்ததே குடியரசுக் கட்சி.

ஆகவே, சாதி மானம், உழைப்பாளர் ஒற்றுமை, தாய்மொழிப் பற்று என்னும் மூன்று நீரோட்டங்கள் நம் வாக்கில் கலந்துள்ளன. ஒரு தேர்தலில் ஒன்று மேலெழும். மறு தேர்தலில் மற்றொன்று மேலெழும். கட்சி மாறினாலும், ‘நம்முள் ஒருவன், நமக்காக நிற்பவன்’ என்னும் அளவுகோல் மாறவில்லை.

இதற்கு நாம் கொடுத்த விலையையும் மறைத்தலாகாது. நாம் அனுப்பிய உறுப்பினர் பெரும்பாலும் சட்டமன்றத்தில் ஒற்றைக் குரலாகவே நின்றார். சுரங்கமோ 1956-இல் மைசூர் அரசிடமும், 1962-இல் மத்திய அரசிடமும் சென்று, 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனமாயிற்று. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் அது மூடப்பட்டபோது, ஆளுவோர் செவியில் அந்த ஒற்றைக் குரல் ஏறவில்லை.

சுரங்கம் மூடியபின் வாக்கின் போக்கும் மாறிற்று. ஒரே ஷிஃப்டில் இறங்கி, ஒரே சங்கத்தில் கூடிய மக்கள், இன்று விடியற்காலை இரயிலில் பெங்களூருக்குச் சென்று, தனித்தனி முதலாளிகளிடம் வேலை செய்து, இரவில் திரும்புகின்றனர். 2008-இல் தொகுதி எல்லை திருத்தப்பட்டு, பேத்தமங்கலம் பகுதியின் சிற்றூர்கள் நம்முடன் சேர்ந்தன. அவ்வாண்டிலும் 2013-இலும் பாரதீய ஜனதா கட்சியும், 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் காங்கிரசின் ரூபகலாவும் வென்றனர். நம் ஊரும் மாநிலத்தின் பெரிய கட்சிகளின் வழியில் கலந்துவிட்டது.

இது நன்றா தீதா என்பதை அவரவர் எண்ணித் தெளிக. எக்கட்சிக்கு வாக்களிப்பது என்று கூறுவது சங்கத்தின் வேலையன்று. ஆயினும் ஒன்று சொல்வோம்: பெரிய கட்சியின் வேட்பாளரிடமும், சிறிய கட்சியின் வேட்பாளரிடமும், லயன் வீட்டின் உரிமை, பிள்ளைகளின் வேலை, தமிழ்ப் பள்ளியின் நிலை ஆகியவற்றைக் கூடிநின்று கேட்கும் வழக்கத்தை நாம் இழத்தலாகாது. வேலை தேடி வெளியூர் சென்ற இளைஞர்தம் பெயர் வாக்காளர் பட்டியலில் உள்ளதா என்று ஒவ்வொரு குடும்பமும் பார்த்துக்கொள்க. பொன் தீர்ந்துவிட்டது என்றனர். கேள்வி கேட்கும் துணிவு தீராதிருக்கட்டும்.