ஏணியின் கடைசிப் படி வரை

1581 ஜனவரி 11. ரோம் நகரில் தங்கியிருந்த பிரெஞ்சு எழுத்தாளர் மோந்தேன், குதிரையில் போகும் வழியில் ஓர் ஊர்வலத்தைக் கண்டு நின்றார். கத்தேனா என்ற கொள்ளைத் தலைவனைக் கொலைக்களத்துக்குக் கொண்டுபோனார்கள். இத்தாலியையே நடுங்க வைத்தவன் அவன். கப்புச்சின் துறவிகள் இருவரைப் பிடித்து, கடவுளை மறுதலித்தால் உயிர்ப்பிச்சை தருவதாகச் சொல்லி, மறுதலித்த பிறகு வெட்டிப் போட்டவன் என்று ஊர் பேசியது. தன்னால் கொல்லப்பட்டவர்களின் உடலோடு ஆன்மாவையும் சேர்த்து அழிக்கப் பார்த்தவன் என்பதுதான் மக்களின் ஆத்திரம்.

அப்படிப்பட்டவனுடைய வண்டியில் முகமூடி அங்கி அணிந்த இருவர் நின்றார்கள். ஒருவர் கையில் சின்னஞ்சிறு பலகை. அதில் கிறிஸ்துவின் உருவம் தீட்டியிருந்தது. அதைக் கத்தேனாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தபடியே வந்தார். அடிக்கடி முத்தமிடச் செய்தார். அதனால் தெருவில் நின்றவர்களுக்கு அவன் முகமே தெரியவில்லை. தூக்குமரத்தடிக்கு வந்த பிறகும், ஏணியிலிருந்து அவனைத் தள்ளிவிடும் கணம் வரை, அந்தப் படம் அவன் கண்ணைவிட்டு அகலவில்லை. முகமூடிக்காரர்கள் யார் என்று மோந்தேன் விசாரித்தார். நகரத்தின் பிரபுக்களும் பெரிய மனிதர்களும் என்று பதில் வந்தது.

பாவிக்கு மன்னிப்பு உண்டா, உண்டென்றால் எதுவரை என்ற கேள்விக்குக் கிறிஸ்தவ உலகம் சொன்ன பதில்களில், இவர்கள் சொன்னது மிகத் துணிச்சலானது. அதை அவர்கள் புத்தகமாக எழுதவில்லை. மரண தண்டனைக் கைதியின் பக்கத்தில் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து சொன்னார்கள்.

தீர்ப்பு எப்போது?

மரண தண்டனைக் கைதிகளுக்குத் துணைபோன இத்தகையவர்களின் சபைகள் தோன்றத் தொடங்கிய காலத்தில் திருச்சபைக்குள் பெரிய வாக்குவாதம் ஒன்று நடந்தது. இறந்தவரின் ஆன்மா உடனே கடவுளைக் காணுமா, உலக முடிவு வரை காத்திருக்க வேண்டுமா? காத்திருக்க வேண்டும் என்று 1331இல் மறையுரைகளில் சொன்னார் திருத்தந்தை 22ஆம் ஜான். இறையியலாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 1334 டிசம்பரில் மரணப்படுக்கையில் அவர் தன் கருத்தை விட்டுக்கொடுத்தார். அடுத்து வந்த 12ஆம் பெனடிக்ட் 1336 ஜனவரியில் முடிவான ஆணை ஒன்றை வெளியிட்டார். குறையற்ற ஆன்மாக்கள் உடனே இறைவனைக் காணும். சுத்திகரிக்கப்பட வேண்டியவை உத்தரிக்கிற ஸ்தலம் வழியாகச் செல்லும். சாவான பாவத்தோடு இறந்தவை உடனே நரகம் போகும். கடைசி நாளில் வரும் பொதுத் தீர்வையும் உண்டு. அன்று எல்லா மனிதரும் உடலோடு கிறிஸ்துவின் முன் நிற்பார்கள்.

இந்தப் போதனை மனிதனின் கடைசி மூச்சுக்கு அளவில்லாத கனத்தைக் கொடுத்தது. நாற்பது ஆண்டு கொலையும் கொள்ளையுமாக வாழ்ந்தவனும் அந்தக் கணத்தில் மனந்திரும்பினால் கரையேறலாம். நீதிமானாக வாழ்ந்தவனும் அந்தக் கணத்தில் கடவுளின் இரக்கத்தை நம்ப மறுத்தால் வீழலாம். லூக்கா நற்செய்தியில் இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய நல்ல கள்வன்தான் இதற்கு ஆதாரம். திருந்தியதைக் காட்ட அவனுக்கு ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. திருடியதைத் திருப்பித் தரக் கைகள் விடுதலையாக இல்லை. தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு, தன்னை நினைத்துக்கொள்ளும்படி கேட்டான். அன்றைக்கே பேரின்ப வீட்டை வாக்குறுதியாகப் பெற்றான்.

அதே 1336இல் பொலோனியா நகரில் தோன்றியதுதான் 'மரணத்தின் புனித மரியா' சபை. பிளாரன்சில் கறுப்பு அங்கியால் 'கறுப்பர்கள்' என்றே பெயர் பெற்ற சபை இருந்தது. ரோமில் வாழ்ந்த பிளாரன்ஸ்காரர்கள் 1488இல் தொடங்கியது, தலை வெட்டப்பட்ட புனித யோவானின் சபை. கத்தேனாவோடு போனவர்களைப் போல, சாகப் போகிறவனுக்குத் துணை போவதே இவற்றின் பணி.

ஓர் இரவு

ரோமில் மறுநாள் தண்டனை என்றால் முந்திய இரவே சபைக்குச் செய்தி போகும். சகோதரர்கள் தோர் தி நோனா சிறைக்கு வருவார்கள். கைதியைச் சிற்றாலயத்துக்கு அழைத்துப்போய் விடியும் வரை உடனிருப்பார்கள். பாவசங்கீர்த்தனம் கேட்கக் குரு வருவார். கடன் பாக்கி, மனைவிக்குச் சொல்ல வேண்டிய வார்த்தை, யாரிடமாவது கேட்க வேண்டிய மன்னிப்பு எல்லாவற்றையும் ஒருவர் எழுதிக்கொள்வார். விடியற்காலையில் திருப்பலி, நற்கருணை. பிறகு ஊர்வலம்.

பொலோனியா சபை தன் உறுப்பினர்களுக்கு ஒரு கையேடே எழுதி வைத்திருந்தது. தண்டனை ரத்தாகும் என்று பொய்யான ஆசை காட்டக்கூடாது. 'நான் நிரபராதி' என்று அவன் சொன்னால் வழக்கை மறுபடி விசாரிக்க இறங்கக்கூடாது. எதிரியை மன்னிக்கச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தனக்கு மன்னிப்பே கிடையாது என்ற எண்ணம் அவனைப் பற்றிக்கொள்ளாமல் காக்க வேண்டும். கொலையைவிடப் பெரிய ஆபத்தாக அவர்கள் கண்டது நம்பிக்கையிழப்பைத்தான்.

அப்படி ஓர் இரவு எப்படிக் கழியும் என்பதற்கு நேரடிச் சாட்சியம் இருக்கிறது. 1513 பிப்ரவரியில் ஆட்சியிலிருந்த மெதிச்சி குடும்பத்துக்கு எதிராகச் சதி செய்ததாக பியேத்ரோ பவுலோ போஸ்கோலி என்ற இளைஞர் பிளாரன்சில் பிடிபட்டார். இதே வழக்கில்தான் அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லியும் சித்திரவதைக்கு ஆளானார். மரண தண்டனை பெற்ற போஸ்கோலியோடு கடைசி இரவைக் கழித்த நண்பர் லூக்கா தெல்லா ரொப்பியா, நடந்ததை எழுதி வைத்தார். இவர் இதே பெயர் கொண்ட புகழ்பெற்ற சிற்பியின் உறவினர்.

இரவுச் சாப்பாட்டை அதிகமாகச் சாப்பிட்டுவிட்டதாகவும், அதில் உப்புக் கூடியிருந்ததால் மனத்தைக் கடவுள் பக்கம் திருப்ப முடியவில்லை என்றும் வருந்தினார் போஸ்கோலி. பழைய ரோமின் வீரர்களைப் படித்து வளர்ந்தவர் அவர். சீசரைக் குத்திய புரூட்டஸைத் தன் தலையிலிருந்து எடுத்துவிடும்படி நண்பரிடம் மன்றாடினார். கிறிஸ்தவனாகச் சாக வேண்டும் என்றார். அறிவு கடவுளை ஏற்கிறது, இதயம் உருக மறுக்கிறது என்பதே அவருடைய தவிப்பு.  லூக்கா கூடவே இருந்தார், பேசினார், செபித்தார், அழுதார். அந்தக் குறிப்புகளை இன்று படிக்கும்போதும், இரக்கம் என்பது ஒரு கோட்பாடாக இருப்பதற்கு முன்னால் இரவில் கண்விழித்துக் கிடந்த ஒரு மனிதனாக இருந்தது என்று உணர்கிறோம்.

ஓவியரும் கல்லறையும்

ரோம் சபையின் உறுப்பினர்களில் ஒருவர் மைக்கேலாஞ்சலோ. சிஸ்டைன் ஆலயச் சுவரில் 1541இல் திறந்து வைக்கப்பட்ட 'இறுதித் தீர்ப்பு' அவர் வரைந்தது. கை ஓங்கிய கிறிஸ்து, எழுந்து வரும் பிணங்கள், இழுத்துக்கொண்டு போகும் பேய்கள் என்று பார்ப்பவரைக் குலைநடுங்க வைக்கும் ஓவியம். அதில் புனித பர்த்தலோமேயு கையில் தொங்கும் உரித்த தோலின் முகம் ஓவியருடைய முகமே என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். தீர்ப்பை அவ்வளவு பயங்கரமாகக் கண்டவர், தண்டனைக் கைதிகளுக்குத் துணைபோகும் சபையிலும் இருந்தார். அந்த நூற்றாண்டின் பக்தியில் பயமும் இரக்கமும் ஒன்றையொன்று விலக்கவில்லை. தீர்ப்பு மெய் என்று நம்பியவர்களுக்குத்தான் மன்னிப்பின் அருமையும் தெரிந்தது.

தண்டிக்கப்பட்டவர்களின் உடல்களை இச்சபையே எடுத்து, கேப்பிடல் குன்றுக்கு அருகே தன் ஆலய முற்றத்தில் புதைத்தது. கல்லறை மூடிகளில் ஒரு மன்றாட்டைச் செதுக்கியிருக்கிறார்கள்: தீர்ப்பிட வரும்போது தன்னைத் தண்டிக்க வேண்டாம் என்று ஆண்டவரை வேண்டும் மன்றாட்டு. அது ஒருமையில் இருக்கிறது. படிக்கிற எவரும் உள்ளே கிடப்பவனோடு சேர்ந்து தனக்காகவும் அதைச் சொல்லியாக வேண்டும். 1540இல் திருத்தந்தை 3ஆம் பவுல், ஆண்டுக்கு ஒரு தண்டனைக் கைதியை விடுவிக்கும் உரிமையையும் இச்சபைக்குக் கொடுத்தார்.

நிழல்

இந்த வரலாற்றின் கறையை மறைப்பது நேர்மையாகாது. 1600 பிப்ரவரியில் மெய்யியலாளர் ஜோர்தானோ புரூனோவைத் தோர் தி நோனாவிலிருந்து காம்போ தே ஃபியோரி சதுக்கத்துக்கு அழைத்துப்போய் உயிரோடு எரித்தபோதும் உடன் போனவர்கள் இதே சபையினர். அவர் கடைசி வரை தன் கருத்தில் நின்றார் என்று அவர்களுடைய பதிவேடு சொல்கிறது. அவரை எரித்தது திருச்சபையின் விசாரணை கொடுத்த தீர்ப்பு. ஒரு கை ஆறுதல் சொன்னது, இன்னொரு கை விறகு அடுக்கியது. தண்டனை நியாயமா என்று சகோதரர்கள் கேட்கவில்லை. திருத்தந்தையின் ஆட்சியில் 1796 முதல் 1864 வரை மரண தண்டனைகளை நிறைவேற்றிய புகாத்தி என்பவரின் கணக்கில் மட்டும் 516 பேர்.

ஆனாலும் அந்தச் சபைகள் காப்பாற்றி வைத்திருந்த நம்பிக்கைக்குள்ளேயே தூக்குமரத்துக்கு எதிரான வாதம் இருந்தது. கடைசி மூச்சு வரை மனிதன் திரும்பி வரலாம் என்றால், அந்த மூச்சு எப்போது வர வேண்டும் என்று குறிக்க எந்த நீதிபதிக்கு அதிகாரம்? அந்த வாதம் முழுதாக ஒலிக்கப் பல நூற்றாண்டுகள் ஆயின. வத்திக்கான் நகரச் சட்டத்திலிருந்து மரண தண்டனை 1969இல் நீங்கியது. 2018இல் திருத்தந்தை பிரான்சிஸ் கத்தோலிக்க மறைக்கல்வி நூலைத் திருத்தி, மரண தண்டனை எந்த நிலையிலும் ஏற்கத்தக்கதல்ல என்று எழுதச் செய்தார்.

கத்தேனா மனந்திரும்பினானா என்பது அவனும் அவனைப் படைத்தவரும் அறிந்தது. அவன் கொன்ற துறவிகளுக்கு அவன் கொடுக்காத அவகாசத்தை முகமூடி அணிந்த அந்த மனிதர்கள் அவனுக்குக் கொடுக்கப் பார்த்தார்கள். பாவி இரக்கத்துக்குத் தகுதியானவனா என்று பார்த்து இரங்கினால் அதற்குப் பெயர் கூலி. தகுதி பார்க்காமல் கடவுள் இரங்குகிறார் என்பதே கிறிஸ்தவம் உலகுக்குச் சொன்ன செய்தி. அதை உண்மையென்று நம்புகிறவர்கள், சக மனிதனை இனி திருந்தவே மாட்டான் என்று கைவிட உரிமையற்றவர்கள்.