நாஞ்சில் நாட்டு நகைப்பு

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை என்றவுடன் குழந்தைப் பாட்டுகளும், புத்தர் பெருமான் வரலாறு கூறும் 'ஆசிய ஜோதி'யுமே நம் நினைவுக்கு வருகின்றன. அம்மென்மையான புலவரே ஒரு கொடிய வழக்கத்தை நையாண்டியால் தாக்கியவர் என்பதை நம்மில் சிலரே அறிவோம்.

இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் அடங்கிய நாஞ்சில் நாடு, அந்நாளில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்கோடி. அங்கே வேளாளர் பலர் மருமக்கள் வழியைப் பின்பற்றினர். ஒருவனுடைய சொத்து உடன்பிறந்தாளின் மக்களையே சேரும். குடும்பத் தலைவனாகிய காரணவன் கண்மூடியதும், அவனோடு உழைத்த மனைவியும் பெற்ற பிள்ளைகளும் திக்கற்று நிற்பர். 'முன்னோர் வழக்கம்' என்றது சமூகம். அதையே சட்டம் என்றது நீதிமன்றம். ஊரும் அரசும் கைகோத்து நின்றால், கைம்பெண் யாரிடம் முறையிடுவாள்?

கவிமணி அவளைக் கவிதையில் முறையிடச் செய்தார். 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' 1910களின் பிற்பகுதியில் 'தமிழன்' பத்திரிகையில் வெளிவந்தது. ஐவரை மணந்த ஒருவரின் ஐந்தாம் மனைவி தன் கதையைத் தானே சொல்வதாக அமைந்தது அந்நூல்.

பெயரிலேயே நையாண்டி தொடங்கிவிடுகிறது. மான்மியம் என்பது திருத்தலங்களின் பெருமை பேசுவது. இங்கு பேசப்படுவதோ ஒரு சமூகத்தின் சிறுமை! புராணம் போலவே படலங்களும் உண்டு. வீட்டுக்குள் நடக்கும் கொடுங்கோலுக்கு 'மாமி அரசியற் படலம்'. வழக்காடி அழிந்த குடும்பத்துக்குக் 'கோடேறிக் குடிமுடித்த படலம்'. கோடு என்பது அந்நாட்டு வழக்கில் நீதிமன்றம்.

அறிவுரை கூறினால் சினப்பவன், ஆதாரம் காட்டினால் எதிராதாரம் தேடுபவன், தன் வீட்டு அலங்கோலத்தைப் பாட்டில் கேட்டு ஒருமுறை சிரித்துவிட்டால் பிறகு அதைப் புனிதம் என்று சாதிக்க நாக்கூசுவான். நகைச்சுவையின் வலிமை அதுவே.

1926-ஆம் ஆண்டில் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் பிறந்தது. மனைவி மக்களின் உரிமை ஏட்டில் ஏறிற்று. பாட்டொன்றே சட்டத்தைப் படைத்தது என்று நாம் கூறோம். சீர்திருத்தம் வேண்டிப் பலர் உழைத்தனர். ஆயினும் சட்டம் மாறுமுன் மனம் மாறவேண்டும். அம்மனத்தை உழுது பண்படுத்திய ஏர்களுள் கவிமணியின் பாட்டும் ஒன்று.

நேயர்களே! 'பெரியோர் செய்தது, நாமும் செய்வோம்' என்று நம் இல்லங்களில் இன்னும் எத்தனை வழக்கங்கள் மாலை சூடி வீற்றிருக்கின்றன? அவற்றுக்கும் ஒரு மான்மியம் பாடிப் பார்ப்போமாக. நம் சிரிப்பைத் தாங்கி நிற்பவை நிற்கட்டும், தாங்காதவை ஒழியட்டும்.