படகில் வந்த மூன்று நாய்கள்

ராயபுரத்துல நைட் ஷிப்ட் முடிஞ்சு நடந்து வர்றவங்களுக்குத் தெரியும். பனியன் கம்பெனி வாசல்ல படுத்திருக்கிற நாய் எழுந்து நின்னாலே உடம்பு சில்லிடும். ரேபிஸ் பயம். ஆனா அந்தமான் நிக்கோபாரிலும் லட்சத்தீவிலும் ரேபிஸ் இல்லை என்கிறது அரசுப் பதிவு. சுற்றிலும் கடல்தான் வேலி. அந்த வேலி எவ்வளவு உறுதி என்று பார்க்க, இந்தோனேசியாவுக்குப் போகலாம்.

அங்கே ஃப்ளோரெஸ் என்று ஒரு தீவு. 1997 வரை ரேபிஸ் கிடையாது. அந்த வருஷம் செப்டம்பரில், சுலவேசியை ஒட்டிய பூட்டன் தீவிலிருந்து லாரந்துகா துறைமுகத்துக்குப் படகில் மூன்று நாய்கள் வந்து இறங்கின. அவ்வளவுதான்.

கடித்த இடத்திலிருந்து கிருமி நரம்பு வழியாக மூளைக்குப் போகச் சில வாரம் ஆகும், சில மாதமும் ஆகும். அதுவரை நாய் நல்லாத்தான் இருக்கும். சோறு தின்னும், வாலாட்டும். கரையில நின்னு பார்க்கிறவர் என்னத்தைக் கண்டுபிடிப்பார்?

நாய் செத்த பிறகும் சுலபமில்லை. நோயை உறுதி செய்ய மூளைத் திசு வேணும். தலையைத் தனியா எடுத்து, ஐஸ் பெட்டியில வச்சு, ஆய்வகம் இருக்கிற ஊருக்கு அனுப்பணும். தூரத்துத் தீவில் குழி தோண்டிப் புதைக்கிறதுதான் நடக்கும். அப்புறம் ‘நோய் இல்லை’ என்பதும் ‘யாரும் பார்க்கவில்லை’ என்பதும் காகிதத்தில் ஒன்றாகிவிடும். தூரம் என்ன செய்யும்னு நமக்கும் தெரியும். 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் வரும்வரை, நாய் கடிச்சா ஊசிக்கு சிம்லா பக்கத்துக் கசௌலிக்கு ரயில் ஏறணும்.

1998-ல் ஃப்ளோரெஸில் நாய்களைக் கொல்ல ஆரம்பித்தார்கள். லட்சக்கணக்கில் கொன்றார்கள். நோய் நிற்கவில்லை. ஆள் வர்றாங்கன்னு தெரிஞ்சா, வளர்க்கிறவர் நாயைப் பக்கத்து ஊருக்குக் கடத்திடுவார். கிருமியும் கூடவே போகும். 2002-க்குள் 100 பேருக்கு மேல் இறந்துபோனார்கள்.

2008-ல் பாலித் தீவின் தெற்குமுனையில், உங்காசன் பக்கம், அதே கதை. அங்கேயும் முதல்ல கொலைதான். 2010-ல் மட்டும் 80 பேருக்கு மேல் சாவு. அந்த வருஷம்தான் தீவு முழுக்கத் தடுப்பூசி தொடங்கியது. வலை வீசிப் பிடித்து, ஊசி போட்டு, கழுத்தில் பட்டை கட்டி விட்டார்கள். எனக்குப் பிடிச்சது அந்தப் பட்டைதான். மறுநாள் தெருவில் நடந்து, பட்டை இல்லாத நாயை எண்ணினால் பாக்கி எவ்வளவு என்று தெரிந்துவிடும். பத்தில் ஏழு நாய்க்குப் போட்டால் பரவல் அறுபடும் என்பது கணக்கு. சாவு மளமளவென்று குறைந்தது. ஆனால் குட்டிகள் பிறந்துகொண்டே இருக்கும், இல்லையா? பாலியிலிருந்து ரேபிஸ் இன்னும் போகவில்லை.

2023 மே மாதம் திமோர் தீவிலும் ரேபிஸ் உறுதியானது. ஃப்ளோரெஸுக்கும் திமோருக்கும் நடுவில் ஒரு கடல்தான்.